350 கிராம்: வீட்டிலேயே கார் ஏசிக்கு கேஸ் ஏற்றிய கதை

போன ஞாயிறு மாலை ஐந்தேகாலுக்கு, டேஷ்போர்டில் ஏசி காற்று வரும் நடு ஜன்னலில் செருகியிருந்த தெர்மாமீட்டர் 8 டிகிரி காட்டியது. மே முதல் வாரத்தில், கத்திரி ஆரம்பித்த சமயம், அதே தெர்மாமீட்டர் அதே இடத்தில் 24 காட்டியது. இந்த இரண்டுக்கும் நடுவே ஐந்து வாரம் ஓடிவிட்டது. செலவு 6,870 ரூபாய். உடைந்த பிளாஸ்டிக் கிளிப் இரண்டு. சமையலறையிலிருந்து நான் கடத்திய தராசு ஒன்று. நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். என் வண்டியைப் போன்ற பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

வண்டி 2012இல் வாங்கிய சின்ன ஹேட்ச்பேக். தாம்பரத்தில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கிறது. போன வருடம் ஏசி குளிராமல் போனபோது ஒரு கடையில் 1,800 ரூபாய் கொடுத்து கேஸ் ஏற்றினேன். பத்து மாதம் வந்தது. இந்த வருடம் அதே கடைக்குப் போனால், கண்டன்ஸரையே (கேஸின் சூட்டை வெளியே தள்ளும் முன்பக்கக் காயில்) மாற்ற வேண்டும், 9,500 ஆகும் என்றார்கள். "எங்கே லீக் என்று காட்டுங்கள்" என்று கேட்டேன். "சார், இந்த வண்டி எல்லாத்துக்குமே அப்படித்தான்" என்றார் அந்தப் பையன். அந்தப் பதிலுக்கு 9,500 கொடுக்க மனம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அன்று இரவே ஆன்லைனில் 450 கிராம் ஆர்-134ஏ (என் வண்டி ஏசிக்கான கேஸ்) டப்பாவும், அதோடு ஒற்றை மீட்டர் வைத்த ஹோஸும் ஆர்டர் செய்தேன். சேர்த்து 1,350 ரூபாய். அழுத்தம் காட்டும் அந்த மீட்டரில் 25இலிருந்து 45 பிஎஸ்ஐ வரை பச்சை வண்ணம். முள் பச்சையில் நின்றால் போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. இதைவிட எளிதான வேலை உண்டா என்று நினைத்தேன்.

பெட்டி வந்தது சனிக்கிழமை. காலையில் இன்ஜினை எழுப்பாமல் ஹோஸை மாட்டிப் பார்த்தேன். ஏசி பைப்பில் இரண்டு வாய் இருக்கும். தடித்த பைப்பில் இருப்பது அழுத்தம் குறைந்த லோ சைடு, மெல்லிய பைப்பில் இருப்பது அழுத்தம் கூடிய ஹை சைடு. இரண்டு வாயும் வேறு வேறு அளவு, 13 மில்லிமீட்டரும் 16 மில்லிமீட்டரும். அதனால் லோ சைடு ஹோஸ் ஹை சைடில் உட்காராது. இந்த ஒரு விஷயத்தில் யாரோ நல்லபடியாக யோசித்திருக்கிறார்கள். மீட்டர் 62 பிஎஸ்ஐ காட்டியது. நிழலில் 30 டிகிரி. அந்தச் சூட்டில், உள்ளே கொஞ்சமாவது திரவம் இருந்தால் 97 வாக்கில் காட்ட வேண்டும். 62 என்றால் திரவம் சுத்தமாக இல்லை, இருப்பது வெறும் ஆவி. இன்ஜினை ஓட்டி ஏசி போட்டதும் முள் 12க்கு இறங்கியது. தடித்த பைப்பைத் தொட்டால் குளிர்ச்சியே தெரியவில்லை.

இரவு எட்டு மணிக்கு, வெயில் தணிந்த பிறகு, கேஸ் ஏற்ற ஆரம்பித்தேன். இங்கேதான் முதல் தப்பு. முள் 12இலிருந்து மெதுவாக ஏறி 30க்கு வந்தது. டப்பா கையில் ஐஸ் மாதிரி ஆகிவிட்டது, கேஸ் இறங்கும் வேகம் குறைந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவை வைத்தேன். முள் 36, 38. ஜன்னலில் நல்ல குளிர். டப்பாவை ஆட்டிப் பார்த்தால் இன்னும் ஏதோ சலசலத்தது. காசு கொடுத்து வாங்கியதை மிச்சம் வைப்பானேன்? முள் பச்சையில்தானே நிற்கிறது? முழு டப்பாவையும் உள்ளே விட்டேன். முள் 40இல் நின்றது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு ரவுண்டு போய்வந்தேன். அந்த இரவு எனக்கிருந்த தற்பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

திங்கட்கிழமை மதியம் குரோம்பேட்டை சிக்னலில் சாயம் வெளுத்தது. வண்டி ஓடும்போது குளிர். சிக்னலில் நின்றால் ஒரு நிமிடத்தில் சூடான காற்று. மறுபடி நகர்ந்தால் குளிர். ஒருவேளை கண்டன்ஸர் ஃபேன் ஓடவில்லையோ என்று இறங்கிப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் கேஸ் குறைவோ என்ற சந்தேகத்தில் இரண்டாவது டப்பா வாங்கக்கூட நினைத்தேன். வாங்காமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

தெருமுனைக்கு அப்பால் கார் ஏசி மட்டுமே பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். சின்ன ஷெட், இரண்டு வண்டிக்குத்தான் இடம். அவரிடம் கொண்டுபோனேன். அவர் லோ சைடுக்கு நீலம், ஹை சைடுக்குச் சிவப்பு என்று இரண்டு மீட்டர் உள்ள கேஜ் செட்டை மாட்டினார். நீலம் 42. சிவப்பு 340, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிக்கொண்டிருந்தது. வெளியே 36 டிகிரி. அந்தச் சூட்டுக்கு ஹை சைடு 220, 240 இருந்தால் சரி. 450 வாக்கில் போனால் வண்டியே பாதுகாப்புக்காக, கேஸை அமுக்கும் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். சிக்னலில் நடந்தது அதுதான்.

"எவ்ளோ ஏத்துனீங்க சார்?"

"ஒரு டப்பா, பாய். மீட்டர் பச்சையிலதான் இருந்துச்சு."

"தராசுல வெச்சீங்களா?"

நான் பேசவில்லை. அவர் பானெட்டைத் தூக்கி உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். பன்னிரண்டு வருடப் புழுதியைத் துணியால் துடைத்ததும் எழுத்து தெரிந்தது: ஆர்-134ஏ, 350 கிராம். அந்த ஸ்டிக்கர் இத்தனை வருடமாக என் மூக்குக்கு நேரே இருந்திருக்கிறது.

பாயின் ரெகவரி மெஷின் கேஸை உறிஞ்சி எடுத்தபோது அதன் தராசு 480 கிராம் காட்டியது. 130 கிராம் அதிகம். இவ்வளவு அதிகமாக ஏற்றியும் லோ சைடு முள் ஏன் பச்சையிலேயே நின்றது என்பதை பாய் இரண்டே வரியில் சொன்னார். கூலிங் காயிலுக்கு முன்னால் இருக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு, தேவையான அளவு மட்டும் உள்ளே விடும். மிச்சமெல்லாம் கண்டன்ஸரில் போய்த் தேங்கும். வீட்டில் மேல்தொட்டி வழிந்து ஓடும்போதும் குழாயில் தண்ணீர் ஒரே சீராகத்தானே வரும்? அதே மாதிரி. ஒற்றை மீட்டர் ஹோஸ் பார்ப்பது குழாயை மட்டும். தொட்டி அதற்குத் தெரியாது.

அப்புறம் லீக் தேடும் வேலை. காலியான சிஸ்டத்தில் பாய் 150 பிஎஸ்ஐக்கு நைட்ரஜன் ஏற்றினார். ஸ்ப்ரே பாட்டிலில் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணீர். கம்ப்ரஸர் ஜாயின்ட், கண்டன்ஸர் ஜாயின்ட், இரண்டு வாய் என்று ஒவ்வொரு இடமாக அடித்துவிட்டு டார்ச் பிடித்துப் பார்த்தோம். லோ சைடு வாயில், டயர் டியூபில் இருப்பது போன்ற அந்த வால்வு பின்னுக்கு நடுவில், கடுகளவு குமிழி ஒன்று எழுந்து உடைந்தது. பத்து எண்ணுவதற்குள் அடுத்தது. கண்டன்ஸரின் மேல் ஜாயின்டில் இன்னொன்று; அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் மண். பிசுக்குப் பிடித்த இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், கேஸ் வெளியே வரும்போது எண்ணெயையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் வரும் என்றார் பாய். கண்டன்ஸர் காயிலில் ஒரு குமிழிகூட இல்லை. 9,500 ரூபாய் மிச்சம்.

அவரே மொத்தமாக முடித்துத் தர 2,500 கேட்டார். நியாயமான விலைதான். ஆனால் ஆரம்பித்த வேலையை நானே முடிக்க வேண்டும் என்ற வீம்பு. அவர் சிரித்துக்கொண்டே, கேஸ் எடுத்ததற்கும் டெஸ்டுக்கும் 800 மட்டும் வாங்கிக்கொண்டு, 20 பிஎஸ்ஐ நைட்ரஜனை உள்ளேயே விட்டு அனுப்பினார். ஈரக்காற்று உள்ளே போகாமல் இருப்பதற்காக அது. அந்த அழுத்தத்தில் ஏசி ஸ்விட்சைத் தெரியாமல் அமுக்கினாலும் கம்ப்ரஸர் ஓடாது. போகும்போது ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னார்: இன்ஜின் ஓடும்போது கேஜ் செட்டின் சிவப்பு வால்வைத் திறக்கவே கூடாது. திறந்தால் ஹை சைடு அழுத்தம் மொத்தமும் டப்பாவுக்குள் பாயும், டப்பா கையிலேயே வெடிக்கும்.

சாமான் வாங்க, வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்கு ஒருமுறை போய்வந்தேன். கேஜ் செட் 2,100. டப்பாவைத் துளைத்துத் திறக்கும் டேப் 280. ஜாயின்டில் போடும் ரப்பர் வளையமான ஓ-ரிங் பல அளவில் உள்ள பெட்டி 350; பச்சை நிறம், ஏசிக்கென்றே வருவது. வால்வு பின் நான்கு 120, அதைக் கழற்றும் சாவி 80. கேஸ் டப்பா இரண்டு, தலா 520. ஒன்றே போதும், பயத்தில் இரண்டு வாங்கினேன். கடைக்காரர் இன்னும் மலிவாக ஒரு டப்பாவைக் காட்டினார். அதில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்பதே இல்லை. வேண்டாம் என்றேன். 134ஏ என்ற பெயரில் எரியும் வாயுவைக் கலந்து விற்பதும் நடக்கிறது. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்பை ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவரிடம் ஒரு நாளைக்கு 500 வாடகைக்கு எடுத்தேன். தெர்மாமீட்டர் ஏற்கெனவே வாங்கியது, 250. எல்லாம் கூட்டினால் 6,870. முதல் டப்பா வீம்பை விட்டிருந்தால் 5,520. பாயிடமே விட்டிருந்தால் 2,500. கணக்கை மறைப்பதற்கில்லை.

ஞாயிறு காலை ஏழு மணி. கைலியோடு இறங்கினவன் பாதியில் திரும்பிப் போய் பேன்ட் மாட்டிக்கொண்டு வந்தேன். கண்டன்ஸர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாக ஓட ஆரம்பிக்கும். அதன் பக்கத்தில் தொங்கும் துணி எதுவும் கூடாது. கண்ணாடி, தடித்த கையுறை இரண்டும் கட்டாயம். இந்த திரவம் வெளியே வந்தால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு. கண்ணில் பட்டால் கதை முடிந்தது.

நைட்ரஜனை மெதுவாக வெளியே விட்டேன். லோ சைடு வால்வு பின்னைச் சாவியால் கழற்றினால், அதன் முனையிலிருந்த ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. புதியதைப் போட இரண்டு நிமிடம். கண்டன்ஸர் ஜாயின்டுதான் படுத்தியது. முன் கிரில்லின் மேல் மூடியில் ஆறு கிளிப். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக், இரண்டு உடைந்தன. 10 மில்லிமீட்டர் ஸ்பானரில் ஒரே போல்ட், ஆனால் பைப் வெளியே வர மறுத்தது. இழுத்தால் அலுமினியம் வளைந்துவிடும். இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, கால் மணி நேரத்தில் எடுத்தேன். உள்ளே இருந்த ஓ-ரிங், பழைய குக்கர் கேஸ்கெட் மாதிரி தட்டையாகி, விரலில் அழுத்தினால் திரும்பி எழவே இல்லை. திறந்த பைப் வாய் இரண்டையும் பாலித்தீன் கவரும் ரப்பர் பேண்டும் போட்டு மூடிவைத்துவிட்டு, பெட்டியில் அதே அளவு ஓ-ரிங்கைத் தேடினேன். கம்ப்ரஸர் ஸ்டிக்கரில் போட்டிருந்த அதே பேக் 46 எண்ணெயை பாய் ஒரு மருந்துக் குப்பியில் கொடுத்திருந்தார். அதில் ஓ-ரிங்கை முக்கி மாட்டினேன். உலர்ந்த ஓ-ரிங்கை மாட்டினால் இறுக்கும்போதே கிழியும்.

வேக்கம் பம்பை ஓட்டியதும் நீல முள் சடசடவென்று இறங்கி 29 அங்குல வேக்கத்துக்குப் போனது. 45 நிமிடம் விடச் சொல்லியிருந்தார் பாய். உள்ளே இருக்கும் ஈரம் அந்த வேக்கத்தில் சாதாரணச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிப் போய்விடும். பிறகு வால்வுகளை மூடி, பம்பை நிறுத்தி, டீ குடிக்கப் போனேன். பத்து நிமிடம் கழித்து வந்தால் முள் 24இல் நிற்கிறது. எங்கிருந்தோ காற்று உள்ளே நுழைகிறது.

வயிற்றைக் கலக்கியது. இப்போதுதான் மாட்டிய ஓ-ரிங்கா? மறுபடி கிரில்லைக் கழற்றப் போனேன். கழற்றுவதற்கு முன் ஒரு சந்தேகம் வந்தது. வண்டியிலிருந்து இரண்டு ஹோஸையும் பிரித்துவிட்டு, கேஜ் செட்டை மட்டும் தனியாக வேக்கம் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் முள் ஏறியது! லீக் வண்டியில் இல்லை, புத்தம்புது கேஜ் செட்டில். பம்பிலும் பிறகு டப்பாவிலும் மாட்டும் மஞ்சள் ஹோஸின் முனையில் இருக்கும் ரப்பர் வாஷர் கோணலாக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து நேராகப் பதித்து, மறுபடி 45 நிமிடம். இந்த முறை அரை மணி நேரம் முள் அசையவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் போன எரிச்சலில், கேஜ் செட் வாங்கியதும் அதைத் தனியே சோதிக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

இனி கேஸ். வீட்டுத் தராசு 5 கிலோ வரை தாங்கும், ஒவ்வொரு கிராமாகக் காட்டும். மைசூர்பாகுக்குச் சர்க்கரை நிறுப்பது. டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால்தான் கேஸ் ஓடும். தண்ணீரில் வைத்தால் எப்படி நிறுப்பது? விடை சுலபம். பாத்திரம், தண்ணீர், டப்பா எல்லாவற்றையும் சேர்த்தே தராசில் வைத்தேன். தண்ணீர் எங்கும் போகாது, குறைவதெல்லாம் கேஸ்தான். கையை வைத்தால் சுடாத அளவு தண்ணீர் போதும், 40 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. மொத்தம் 2,184 கிராம். 350 போனால் 1,834இல் நிறுத்த வேண்டும்.

இரண்டு சிக்கல் வந்தது. ஒன்று, மஞ்சள் ஹோஸின் விறைப்பு. அது டப்பாவைத் தூக்கிப் பிடிப்பதால் ஹோஸை லேசாகத் தொட்டாலே 30 கிராம் ஏறி இறங்குகிறது. ஹோஸின் நடுப்பகுதியை ஒரு ஸ்டூலோடு சணல் கயிற்றால் கட்டினேன். அதற்கப்புறம் ஆட்டம் நின்றது. இரண்டாவது, தராசு இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். மறுபடி போட்டால் மேலே இருப்பதையே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். கிராமை அவுன்ஸாக மாற்றும் பட்டனை ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்கிக்கொண்டே இருந்தால் விழித்திருக்கிறது. அந்த வேலைக்கு மகளை உட்காரவைத்தேன். அவள்தான் எடையைக் கத்திக்கொண்டே இருந்தாள்.

டப்பாவைத் துளைத்ததும் மஞ்சள் ஹோஸில் இருந்த காற்றை ஒரு நொடி வெளியேற்றினேன். இன்ஜின் ஓடாமலே, நீல வால்வைத் திறந்ததும் வேக்கம் இழுத்துக்கொண்டது; 140 கிராம் சத்தமில்லாமல் போயிற்று. பிறகு இன்ஜினை எழுப்பி, ஏசி முழுக் குளிரில், ப்ளோயர் கடைசியில், நான்கு கதவும் திறந்து, மனைவி ஆக்ஸிலரேட்டரை 1,500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொள்ள, டப்பாவை நிமிர்த்தியே வைத்து ஆவியாக மட்டும் ஏற்றினேன். கவிழ்த்தால் திரவமாக இறங்கும். கம்ப்ரஸர் ஆவியை அமுக்கத்தான் செய்யப்பட்டது, திரவம் போனால் உடையும்.

"1,900... 1,872... 1,851 அப்பா..."

1,839இல் நீல வால்வை மூடினேன். 345 கிராம். ஹோஸில் தங்கியிருப்பதைக் கழித்தால் இன்னும் சில கிராம் குறையும், பரவாயில்லை. நிழலில் 34 டிகிரி. நீலம் 38, சிவப்பு 215. போன மாதம் பச்சையில் நின்ற 40க்கும் இந்த 38க்கும் நீல மீட்டரில் வித்தியாசமே தெரியவில்லை. வித்தியாசம் தராசில் 130 கிராம், சிவப்பு மீட்டரில் 100 பிஎஸ்ஐக்கு மேல். ஜன்னலில் 8 டிகிரி, ஐடிலில் விட்டால் 11. வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்து, பார்க்கிங் தரையில் சின்ன ஓடை. மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்து, "ரேடியேட்டர் போச்சா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த முறை செய்தால் ஒற்றை மீட்டர் டப்பாவைத் தொட மாட்டேன். லீக் எங்கே என்று தெரியாமல் கேஸ் வாங்க மாட்டேன். லீக்கை அடைக்கும் மருந்து கலந்த டப்பாக்களும் வருகின்றன, அவை பிறகு மெக்கானிக்கின் மெஷினையே அடைத்துவிடும் என்பதால் பாய் அப்படிப்பட்ட வண்டியை உள்ளேயே விடுவதில்லை. எண்ணெயோடு, யுவி வெளிச்சத்தில் ஒளிரும் சாயம் கொஞ்சம் விட்டிருக்கலாம், அடுத்த லீக்கை யுவி டார்ச் அடித்தே பிடிக்கலாம். பழைய கேஸை வெளியே திறந்துவிடாமல் பாயிடம் போனது மட்டும் உருப்படியாகச் செய்தது. இந்த கேஸ் ஒரு கிலோ, 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும் என்று கணக்கு. என் வண்டியின் 350 கிராம் என்றால் 200 லிட்டருக்கு மேல் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். போன வருடம் ஏற்றியதில் பெரும்பகுதி பத்து மாதத்தில் காற்றில்தான் போயிருக்கிறது. புது வண்டிகளில் ஆர்-1234ஒய்எஃப் வந்தால் இந்த டப்பாவும் ஆகாது, ஹோஸும் ஆகாது. அது தீப்பற்றும் தன்மை கொஞ்சம் உள்ள கேஸ் வேறு. வீட்டில் கை வைக்க மாட்டேன். ஹைபிரிட், மின்சார வண்டியில் எண்ணெயே வேறு வகை, அதுவும் வேண்டாம்.

மிச்சம் 100 கிராம் இருந்த டப்பாவை டேப்போடு இறுக்கி மூடி ஷெல்ஃபில் வைத்தேன். நான்கு நாள் கழித்து நிறுத்தால் 60 கிராம் குறைந்திருக்கிறது. டேப்பின் ரப்பரை நம்பி அரை டப்பாவை வைத்திருக்க முடியாது என்பது தெரிந்தது. பிரிக்காத இரண்டாவது டப்பாவை பாயிடம் கொடுத்து, எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதை வாங்கியதும் முதல் வேலையாகத் தன் தராசில் வைத்தார். 561. காதில் செருகியிருந்த மார்க்கரை எடுத்து டப்பாவின் மேல் எழுதிவிட்டு, ஷெல்ஃபில் மற்ற டப்பாக்களோடு வைத்தார். எல்லா டப்பாவிலும் அதே மாதிரி எண் இருந்தது.